ஞாயிறு நாலு மணிக் குரல்

"போன் நல்லாத்தான் இருக்கு மொதலாளி. அதுக்குள்ள பேசுற எம் மகதான் சரியில்ல."

பூண்டுலோயாவில் அம்ஹரின் போன் ரிப்பேர் கடைக்கு உடைந்த கண்ணாடியோடு வருவார்கள், தண்ணீரில் விழுந்த போனோடு வருவார்கள். இப்படி ஒரு பழுதோடு யாரும் வந்ததில்லை. அம்ஹர் கையிலிருந்த சின்ன திருப்புளியைக் கீழே வைத்தான். சனிக்கிழமை மத்தியானம். வந்தவள் மீனம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும். அரை நாள் கொழுந்து எடுத்துவிட்டு நேராக பஸ் ஏறியிருக்கிறாள். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது.

"யாரைப் பாக்க வந்தீங்க அம்மா? என்னையா, இவரையா?"

"அந்த அண்ணனத்தான்."

கடை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பழனியாண்டி தலையை நிமிர்த்தினார். இருபத்தெட்டு வருடம் தோட்டத்துத் தபால் பையைச் சுமந்தவர். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு பையில் நோட்டீசும் பில்லும்தான் மிஞ்சின. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை, தோள்வலி குறைந்தது. ஆனால் காணாமல் போன மாடு, எழுதியவர் தெரியாத மொட்டைக் கடிதம், திறந்து பார்த்து ஒட்டிய கவர் என்று எதையாவது தூக்கிக்கொண்டு ஆட்கள் அவரிடம் வருவது மட்டும் நிற்கவில்லை.

"உக்காருங்க தங்கச்சி. மொதல்ல தேத்தண்ணி குடிங்க. அப்பறம் சொல்லுங்க."

மீனம்மா தேத்தண்ணியைத் தொடவில்லை. மகள் ஜெயந்தினிக்கு இருபத்தாறு வயது. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. போய் இரண்டரை வருடம் ஆகிறது. முதலில் வாரத்துக்கு மூன்று நாள் வீடியோவில் வருவாள், முகத்தைக் காட்டுவாள், சட்டியில் வேகிறதைக் காட்டுவாள். ஏழு மாதமாக முகம் இல்லை, குரல் மட்டும்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு குரல் செய்தி வரும்.

"நான் போன் அடிச்சா மணி போகுது, அவ எடுக்க மாட்டேங்குறா. அந்த வீட்டுல வீடியோ எல்லாம் விட மாட்டாங்களாம். அவள அனுப்புன ஏஜண்ட் கஜேந்திரன் அப்பிடிச் சொன்னதா எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னாரு. சரின்னு இருந்தேன். ஆனா அண்ணே, நான் கேக்குறது எதுக்கும் அவ பதில் சொல்றதில்ல. அவ கூடப் படிச்ச புள்ளைக்குக் கல்யாணம்னு சொன்னேன். ஒரு வார்த்தை இல்ல. அதுக்கு அடுத்த வாரமும் 'மழையில நனையாதீங்க'ங்கிறா. எங்க தோட்டத்து டிவிஷன்ல மூணு வாரமா ஒரு சொட்டு மழை இல்ல. அவ பேசுறது எல்லாம் எப்பவோ கேட்ட மாதிரியே இருக்கு."

"பழைய செய்தியெல்லாம் போன்ல இருக்கா?"

"இல்ல. போன வருசம் பழைய போன் தண்ணி புடிக்கிற பீலிக்கு அடியில தொட்டியில விழுந்துருச்சு. இது புதுசு. அதுல இருந்தது எல்லாம் போச்சு." அவள் குரல் இறங்கியது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எம் மக உசுரோட இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க."

அம்ஹரால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "பழனியண்ணே, இப்ப கம்ப்யூட்டர்ல மனுசன் குரலையே செய்யிறாங்க! நேத்துக் கூட ஒரு வீடியோ பாத்தேன். இது அதுதான். ஏஜண்ட் வேலை!"

"மொதலாளி, நீங்க மொதல்ல அந்தச் சத்தத்தைப் போடுங்க. கேக்காமயே தீர்ப்புச் சொல்றீங்க."

அம்ஹர் போனைப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டினான். கடைக்குள் ஒரு பெண் குரல் நிறைந்தது.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா? மழையில நனையாதீங்க. அட்டை கடிச்சா பிச்சு எடுக்காதீங்க, உப்பு வைங்க. நான் அப்பறமா பேசுறேன்மா."

மீனம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குரல் முடிந்த பிறகும் உதடு அசைந்தது.

"செஞ்ச குரல் இல்ல இது," என்றார் பழனியாண்டி. "செய்யிறவனுக்கு அட்டையப் பத்தி என்ன தெரியும்? இன்னொரு தடவை போடுங்க. அவ பேச்சை விட்டுட்டு பின்னால என்ன கேக்குதுன்னு பாருங்க."

இரண்டாம் முறை அம்ஹர் ஸ்பீக்கரில் காதை வைத்தான். முகம் மாறியது. மூன்றாம் முறை அவனே போட்டான்.

"தொழுகைக்குப் பாங்கு சொல்றாங்க அண்ணே. தூரத்துப் பள்ளிவாசல்ல."

"அது குவைத்து. பாங்கு கேக்காம வேற என்ன கேக்கும்?"

"அப்பிடி இல்ல. இது சுபஹு பாங்கு. விடியக்காலைப் பாங்குல மட்டும் ஒரு வரி கூட வரும், தூக்கத்தை விடத் தொழுகை மேலானதுன்னு. அந்த வரி இதுல ரெண்டு தடவை வருது. ஆனா செய்தி வந்தது நமக்கு நாலு மணிக்கு. அப்ப அங்க பகல் ஒன்றரை. பகல்ல யாரும் அந்த வரியச் சொல்ல மாட்டாங்க."

"விடியக்காலை பேசிட்டு பகல்ல அனுப்பக்கூடாதா?"

"பட்டனை அமுத்திப் பேசிட்டு விரலை எடுத்தா அப்பவே போயிரும் அண்ணே. எப்பவோ போன பழசை வேணா எடுத்து மறுபடி தள்ளலாம்." அவன் செய்தியின் மேலிருந்த நம்பரைக் காட்டினான். "நம்பர் அவ நம்பர்தான். போனை எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும், உள்ள வேற சிம் போட்டாலும், வாட்ஸ்அப்புல அதே நம்பர்தான் காட்டும்."

"அப்ப அந்தப் போன் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் அனுப்புறாங்க," என்றார் பழனியாண்டி மெதுவாக. மீனம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி, இந்த ஏழு மாசத்துல ஞாயித்துக்கிழமை குரல் வராம இருந்ததுண்டா?"

அவள் யோசித்தாள். "ஐப்பசியில ரெண்டு வாரம் வரல. நான் கையை ஒடிச்சிக்கிட்டு நுவரெலியா ஆஸ்பத்திரியில கிடந்தேன். துபாய்ல இருக்க எங்க அக்கா மக கூட ஆஸ்பத்திரியில இந்தப் போனுக்குப் பேசுச்சு. இவ பேசல. அழுதுக்கிட்டே கிடந்தேன். நான் வீட்டுக்கு வந்த பிறகு பழையபடி வந்துச்சு."

பழனியாண்டி ஸ்டூலிலிருந்து எழுந்தார். "நாளைக்கு மூணு மணிக்கு வாறோம். கஜேந்திரனையும் வரச் சொல்றேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட போன் பழுது பாக்க வாறாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் போன பிறகு அம்ஹர் குதித்தான். "கஜேந்திரன்தான் அண்ணே! அனுப்புனவன் அவன். போன் அவன் கையிலதான் வந்திருக்கும்."

"இருக்கலாம். அவன் எங்க குடியிருக்கான்?"

"இந்தா, நம்ம டவுன்ல. ஸ்கூலுக்குப் பின்னால."

"ஐப்பசியில இந்த டவுன்ல போன் வேலை செஞ்சுச்சா?"

"ஏன் செய்யாம? என் கடையில போனுக்குக் காசு ரீலோட் போட நிக்க இடமில்லாத கூட்டம்."

பழனியாண்டி ஆறிப்போன மீனம்மாவின் தேத்தண்ணியை எடுத்து வாசலில் ஊற்றினார்.

*

மறுநாள் த்ரீவீல் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது, எதிர்மலையில் புதுப் பெயின்ட் அடித்த டவரைப் பழனியாண்டி காட்டினார். "அது எப்ப வச்சது?"

"ஐப்பசி மழையில மண் சரிஞ்சு பழசு சாஞ்சுருச்சு மாத்தயா," என்றான் த்ரீவீல்காரன். "பதினஞ்சு நாள் இந்த டிவிஷனே செவிடு. சாவுச் சேதி சொல்லக் கூட ஆள்தான் ஓடுனாங்க."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே மாரியம்மன் கோயில். பழனியாண்டி இறங்கிக் கும்பிட்டு, தட்டிலிருந்த திருநீற்றைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக்கொண்டார். அம்ஹர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெளியே நின்றான்.

மீனம்மாவின் காம்பரா லயத்து வரிசையில் கடைசி வீடு. மருமகள் தனுஜா வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். அவள் புருஷன், அதாவது மீனம்மாவின் மகன், கொழும்பில் ஹோட்டல் வேலை. அவனும் போனில்தான் குடும்பம் நடத்துகிறான். மீனம்மாவின் கணவர் மாயாண்டி அடுப்படியிலிருந்து வந்தார். அறுபது வயது, ஒடிசலான ஆள்.

"அம்மன் திருநீறு. எல்லாரும் எடுத்துக்குங்க," என்று பழனியாண்டி காகிதத்தைப் பிரித்தார். மீனம்மா பூசிக்கொண்டாள். தனுஜா எடுத்துத் தாலியிலும் தொட்டுக்கொண்டாள். மாயாண்டி ஒரு எட்டு பின்னால் போனார்.

"கையெல்லாம் மண்ணா இருக்கு. அங்க வைங்க, அப்பறம் பூசிக்கிறேன்."

கை ஈரமாக, சுத்தமாக இருந்தது.

"மாமாவுக்கு இந்த வருசம் சாமியோட கோவம்," என்று சிரித்தாள் தனுஜா. "முப்பது வருசம் கரகம் தூக்குன மனுசன். இந்த மாசித் திருவிழாவுக்கு ரோட்டுலயே நின்னுக்கிட்டாரு. முழங்கால் வலியாம்! மாமி பால்குடம் எடுத்துக்கிட்டு வந்தப்ப கூட கோயில் வாசல்ல கட்டுன கயிறத் தாண்டி உள்ள வரல. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா தண்ணி டேங்க் மேட்டுல ஏறிப் போயி அவரு போட்ட கரட்டுப் பாத்திக்குத் தண்ணி ஊத்துறதுக்கு மட்டும் முழங்கால் நல்லா வேலை செய்யுது."

"வாயைக் கொஞ்சம் மூடு பிள்ள," என்றார் மாயாண்டி. கோபமாகச் சொல்லவில்லை.

பழனியாண்டி திருநீற்றைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். "இங்க சிக்னல் இல்ல போல?"

"இங்க எங்க இருக்கு? எல்லாரும் டேங்க் மேட்டுக்குத்தான் போகணும்," என்றாள் தனுஜா. "நாலு மணிக்கு நானும் மாமியும் போவோம். போன் என் கையில இருக்கும். மாமிக்கு அமுத்தத் தெரியாது. ஒருத்தி பக்கத்துல ஒருத்தி ஒட்டி உக்காந்து கேப்போம்."

"மாயாண்டியண்ணன்?"

"அவரு டேங்குக்குப் பின்னால கரட்டுத் தோட்டத்துல இருப்பாரு. வந்து கேளுங்க மாமான்னா, நீங்க கேட்டுச் சொல்லுங்கம்பாரு."

கஜேந்திரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். "எதுக்குண்ணே என்னைக் கூப்பிட்டீங்க? நான் ஆறு வருசமா அனுப்புறேன். ஒரு குறை வந்ததில்ல."

"குறை சொல்லக் கூப்பிடல தம்பி. எல்லாரும் டேங்க் மேட்டுக்குப் போவோம். நாலாகப் போகுது."

*

டேங்க் மேட்டில் சிமெந்துத் தொட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தி போனில் ஓமானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவன் கொழும்பிலிருந்த மகனுக்குப் பாடம் விளங்கப்படுத்தினான். பழனியாண்டி தன் ஆட்களைத் தொட்டியின் மறுபக்கம் வட்டமாக உட்கார வைத்தார். மாயாண்டி தோட்டத்துப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இன்னைக்குக் கரட்டு காயட்டும். எங்களோட உக்காருங்க."

மாயாண்டி உட்கார்ந்தார்.

நாலு மணியானது. போன் தனுஜாவின் கையில் இருந்தது. நாலு ஐந்து. நாலு பத்து. மீனம்மா எட்டிப் பார்த்தபடி இருந்தாள். நாலே காலுக்குத் தனுஜா, "சிக்னல் நல்லாத்தானே இருக்கு," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"இன்னைக்கு வராது," என்றார் பழனியாண்டி.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, நான் சொல்றத நல்லாக் கேளுங்க. அந்தக் குரல் உங்க மகளோடதுதான். ஆனா அன்னன்னைக்குப் பேசுனது இல்ல. எப்பவோ உங்களுக்கே அனுப்பி, உங்க பழைய போனோட தண்ணியில போனது. அது அவ போன்ல அப்பிடியே இருக்கு. அத ஒவ்வொண்ணா எடுத்து யாரோ மறுபடி அனுப்புறாங்க. விடியக்காலைப் பாங்க வச்சு மொதலாளி கண்டுபிடிச்சது இது."

அம்ஹர் தலையைக் குனிந்துகொண்டான். நேற்றிருந்த துள்ளல் அவனிடம் இல்லை.

"யாருன்னு பாப்போம். மொதல்ல கஜேந்திரன்." அவன் வாயைத் திறக்கப் போனான், பழனியாண்டி கையைக் காட்டினார். "நீ இல்ல. ஐப்பசியில எதிர்மலை டவர் சாஞ்சு இந்த டிவிஷனுக்குப் பதினஞ்சு நாள் போன் இல்ல. தங்கச்சி அப்ப நுவரெலியாவுல. அங்க போன் நல்லா வேலை செஞ்சுச்சு, துபாய்ல இருந்து பேசியிருக்காங்க. அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமை மட்டும் குரல் வரல. குவைத்துல இருக்கிறவளுக்கு இந்த டவர் சாஞ்சா என்ன, நின்னா என்ன? டவுன்ல இருக்க கஜேந்திரனுக்கும் அது ஒண்ணுதான். குரலை அனுப்புறவங்க இந்த டவருக்குக் கீழ இருக்கிறவங்க."

"அப்ப நானா?" தனுஜாவின் முகம் வெளுத்தது. "சத்தியமா..."

"நீ இல்லம்மா. குரல் வர்ற நேரத்துல உன் ரெண்டு கையும் மாமியோட போனைப் பிடிச்சிருக்கு. இன்னொண்ணும் இருக்கு." அவர் தொட்டிச் சுவரில் கையை ஊன்றினார். அடுத்ததைச் சொல்லாமல் எழுந்து போய்விடலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. "நீ திருநீறு எடுத்து தாலியில வச்ச. வீட்டுல சாவு விழுந்தது தெரிஞ்சா ஒரு வருசத்துக்குள்ள எந்த மருமக அப்பிடிச் செய்வா? கோயில் படி ஏற மாட்டோம், கரகம் தொட மாட்டோம், திருநீறு வாங்க மாட்டோம். ஊருக்கே பொய் சொல்லலாம். பெண்டாட்டிக்குப் பொய் சொல்லலாம். தீட்டோட மாரியாத்தாகிட்டப் போக மட்டும் நம்ம ஆளுகளுக்குத் துணிவு வராது. இந்த வீட்டுல ஒருத்தர் மட்டும் தீட்டுக் காக்குறாரு. அவரு இன்னைக்குக் கரட்டுக்குப் போகல, குரலும் வரல."

ஓமான் சண்டைக்காரி தொட்டிக்கு அந்தப் பக்கம் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.

மாயாண்டி எழுந்தார். கரட்டுத் தோட்டத்துக் குடிசைக்குப் போனார். யாரும் பின்னால் போகவில்லை. ஒரு பொலித்தீன் பையோடு வந்து அதை மீனம்மாவின் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பையில் இரண்டு உடுப்பு, ஒரு சீப்பு, ஒரு போன், மடித்த ஒரு காகிதம்.

மீனம்மா உடுப்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை கூட இல்லை.

"என்னைக்கு?"

"புரட்டாசி மூணு," என்றார் மாயாண்டி. "கஜேந்திரன் என்னைக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போனான். மகனப் பாக்கப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனேன்ல, அன்னைக்கு. சவப்பெட்டி வர மாசக் கணக்காகும்னு ஆபீசுல சொன்னாங்க. அங்கேயே அடக்கம் பண்ணச் சம்மதமான்னு கேட்டாங்க. கைநாட்டு வச்சேன். இந்தப் பைய அப்பறம் கஜேந்திரன் கொண்டுவந்து குடுத்தான்."

"நானும் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன் அக்கா," என்றான் கஜேந்திரன். வெள்ளைச் சட்டை வியர்த்திருந்தது. "அவரு கால்ல விழுந்து கேட்டாரு. போன்ல பழசத் தேடி அனுப்புறது எப்பிடின்னு காட்டிக் குடுத்ததும் நான்தான். அம்பு அடையாளத்தை அமுத்தினாப் போதும்னு."

"நீ போக வேணாம்னு சொன்ன," என்றார் மாயாண்டி மனைவியிடம். "நான்தான் அவ போகணும்னு நின்னேன். வந்து எப்பிடிச் சொல்லுவேன்? ஞாயித்துக்கிழமை அந்தக் குரலைக் கேட்டாத்தான் நீ சோறு திங்கிற. வாரம் ஒண்ணுன்னு எண்ணி எண்ணி அனுப்புனேன். இன்னும் ரெண்டுதான் மிச்சம். அதுக்கப்பறம் என்ன செய்யிறதுன்னு எனக்கே தெரியல."

"நான் அவளுக்குப் பேசி அனுப்புனது?"

"எல்லாம் எங்கிட்டத்தான் வந்துச்சு. கரட்டுப் பாத்தியில உக்காந்து கேப்பேன்."

மீனம்மா விரலை மடக்கி எண்ணினாள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. மாசியில் விரல் நின்றது.

"அப்ப நான் பால்குடம் எடுத்தேனே."

மாயாண்டி கீழே கோயில் இருந்த பக்கம் பார்த்தார்.

"எம் மக நல்லா இருக்கணும்னு எடுத்தேன். தீட்டோட எடுத்தேன். செத்துப்போனவளுக்கு ஆயுசு கேட்டு எடுத்தேன். நீ தீட்டுன்னு ரோட்டுல நின்னுக்கிட்ட. என்னை உள்ள விட்டுட்டு நீ மட்டும் சுத்தமா நின்னுக்கிட்ட."

"தடுத்தா ஏன்னு கேப்பியே மீனா..."

"கேட்டிருப்பேன். கேக்கத்தானே வேணும்?"

தனுஜா மாமியின் தோளைப் பிடித்தாள். மீனம்மா அதைத் தட்டிவிடவும் இல்லை, சாயவும் இல்லை. அழுகை வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அவள் அந்தக் காகிதத்தை எடுத்து அம்ஹரிடம் நீட்டினாள்.

"மொதலாளி, இது உங்க பாசைதானே. எப்பிடிச் செத்தான்னு படிங்க."

அம்ஹர் வாங்கினான். அரபு எழுத்து. மேலே முத்திரை. அவன் சத்தமாகப் படித்தான், ஒரு வரி, இரண்டு வரி, பிறகு நின்றான். "அம்மா, எனக்கு ஓதத் தெரியும். அர்த்தம் தெரியாது. சின்ன வயசுல பள்ளியில அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க." அவன் தன் போனை எடுத்தான். "இருங்க. போன் சொல்லும்."

போனின் கேமராவைக் காகிதத்தின் மேல் பிடித்தான். அரபு எழுத்து ஆடி ஆடி, உருகி, தமிழாக மாறியது. அவன் அதை வாசித்தான்.

"மரணத்துக்குக் காரணம், இதயமும் சுவாசமும் நின்றது."

மீனம்மா காத்திருந்தாள். "அப்பறம்?"

"அவ்வளவுதான்மா."

"செத்தா எல்லாருக்கும் அது நிக்கும்தானே மொதலாளி? அது ஏன் நின்னுச்சுன்னு பாருங்க."

அம்ஹர் போனை மேலே நகர்த்தினான். கீழே நகர்த்தினான். பெயர், பாஸ்போர்ட் நம்பர், தேதி. காகிதத்தைத் திருப்பினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அண்ணே," அவள் பழனியாண்டியின் பக்கம் திரும்பினாள். "இவ்வளவும் கண்டுபிடிச்சீங்கல்ல. அதையும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. விழுந்தாளா, அடிச்சாங்களா, காய்ச்சலா? சாப்பாடு போடலையா? அவளே ஏதாச்சும் செஞ்சுக்கிட்டாளா?"

பழனியாண்டி காகிதத்தைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். இங்கே துப்புச் சொல்லப் பாங்கு உண்டு, டவர் உண்டு, கோயில் உண்டு. குவைத்தில் அந்த வீட்டுச் சுவருக்குள் நடந்ததைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

"எனக்குத் தெரியல தங்கச்சி."

"அவ போன்ல அந்த வீட்டு நம்பர் இருக்கும்தானே? கேளுங்க. தெரிஞ்சவங்க அவங்கதானே."

அம்ஹர் கஜேந்திரனைப் பார்த்தான். கஜேந்திரன் தரையைப் பார்த்தான். ஜெயந்தினியின் போனில் 'மேடம்' என்று ஒரு நம்பர் இருந்தது. அம்ஹர் வாட்ஸ்அப்பில் அதை அமுத்தி, ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்தது. கடல் தாண்டி அடிக்கிற மணி, பக்கத்து லயத்தில் அடிக்கிற மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

யாரோ எடுத்தார்கள். ஒரு பெண் குரல். பின்னால் குழந்தை சிரித்தது, பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் அரபியில் ஏதோ கேட்டாள்.

மீனம்மா போனைப் பறித்து வாயருகே கொண்டுபோனாள். "அம்மா, நான் ஜெயந்தினியோட அம்மா பேசுறேன். ஜெயந்தினி. எம் மக. அவளுக்கு என்ன ஆச்சும்மா?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஜெயந்தினி?" என்றது அந்தக் குரல். பெயரைச் சரியாகச் சொன்னது. தினமும் கூப்பிட்டுப் பழகிய வாய்.

"ஆமாம்மா, ஜெயந்தினி! அவளுக்கு என்ன..."

கட்டாகிவிட்டது.

"மறுபடி அடிங்க," என்றாள் மீனம்மா.

அம்ஹர் மறுபடி அமுத்தினான். இந்த முறை மணி அடிக்கவில்லை. மூன்றாம் முறை அமுத்தும்போது அந்த நம்பரின் பக்கத்தில் இருந்த படமும் போய்விட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. இந்த நம்பரை அங்கே தடுத்துவிட்டார்கள் என்று அம்ஹருக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அடிங்க மொதலாளி. எடுப்பாங்க. பேர் சொன்னாங்கல்ல, அவங்களுக்குத் தெரியும். அடிங்க."

அவன் அமுத்தினான். மீனம்மா அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.